ரிப்பேருக்கு கொடுத்த பொருள் திரும்பி வரவில்லையா? கோர்ட்டுக்கு போகும் வழி: முழு விவரம்

ராஜபாளையம்:-

காயில் கட்ட கொடுத்த தறி மோட்டார். சலவைக்கு போட்ட பட்டுப்புடவை. உருக்கி புதுசு செய்ய கொடுத்த பழைய வளையல். அட்வான்ஸ் கொடுத்து வைத்த நாய்க்குட்டி. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் தினமும் கைமாறுகிற பொருட்கள் இவை. "நாளைக்கு வாங்க அண்ணாச்சி" என்பார் கடைக்காரர். நாளை போனால் அடுத்த வாரம் என்பார். அடுத்த வாரம் போனால் கடை பூட்டியிருக்கும்.

பத்தாயிரம், இருபதாயிரம் ரூபாய் பொருளுக்கு யார் கோர்ட்டுக்கு அலைவது என்று பலரும் விட்டு விடுகிறார்கள். கோர்ட்டு என்றாலே நிலம், வீடு, வரப்பு தகராறுக்குத்தான் என்ற நினைப்பும் இருக்கிறது. இது சரியல்ல. சட்டத்தின் கண்ணில் ஒரு கிரைண்டரும் சொத்துதான், ஒரு சைக்கிளும் சொத்துதான். தூக்கிக்கொண்டு போகக்கூடிய இந்த மாதிரி பொருட்களை அசையும் சொத்து என்கிறார்கள். அதை திரும்பப் பெறவோ, அதற்கான பணத்தை வாங்கவோ வழி இருக்கிறது. அதன் விவரம் வருமாறு:-

வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான்

பத்திரம் எழுதினால்தான் ஒப்பந்தம் என்று நினைக்க வேண்டாம். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்த சட்டப்படி, இரண்டு பேர் மனம் ஒத்து பேசி முடித்த வாய்ப்பேச்சும் ஒப்பந்தமே. "இந்த மோட்டாரை சரி பண்ணிக் கொடுங்க, கூலி இவ்வளவு" என்று பேசி, அவர் சரி என்று வாங்கி வைத்து விட்டால் ஒப்பந்தம் ஆகிவிட்டது.

அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. ஒரு வேலைக்காக ஒருவர் பொருளை இன்னொருவர் கையில் ஒப்படைத்தால், வாங்கி வைத்தவர் அதை தன் சொந்தப் பொருளைப் போல கவனமாக பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். குறித்த நேரத்தில் கொடுக்காமல் வைத்திருந்து, அதன் பிறகு பொருள் தொலைந்தாலோ கெட்டாலோ அதற்கும் அவர்தான் பொறுப்பு.

ஒப்பந்தம் வாயால் ஆகிவிடும். ஆனால் கோர்ட்டில் அதை நிரூபிக்க வேண்டும். அங்கேதான் நம்மவர்கள் மாட்டிக் கொள்கிறார்கள். இதை எழுதும் நிருபரே ஒரு செல்போனை ரிப்பேருக்கு கொடுத்துவிட்டு, தெரிந்த கடைதானே என்று சீட்டு வாங்காமல் வந்தவர்தான். "இங்கே நீங்க போனே கொடுக்கலையே" என்று அவர்கள் சொன்னபோது காட்டுவதற்கு கையில் ஒன்றும் இல்லை. போன் போனது போனதுதான்.

சலவைக்கு போன புடவை

சீட்டு கொடுத்தாலும் சில கடைகளில் அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் நிபந்தனை அச்சிட்டு இருப்பார்கள். "பொருள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று இருக்கும். அதைப் பார்த்ததும் பலர் வாயை மூடிக்கொண்டு வந்து விடுகிறார்கள்.

இதற்கு சென்னை ஐகோர்ட்டு பல ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லி இருக்கிறது. 1966-ம் ஆண்டு தீர்ப்புத் தொகுப்பில் வெளியான 'லில்லி ஒயிட்' வழக்கு அது. லில்லி ஒயிட் என்பது ஒரு சலவை நிறுவனம். அங்கே சலவைக்கு கொடுத்த புதுப் புடவை தொலைந்து போனது. துணி தொலைந்தால் அதன் விலையில் 15 சதவீதம்தான் தருவோம் என்று ரசீதில் அச்சிட்டு இருந்தது. வாடிக்கையாளர் விடவில்லை. வழக்கு ஐகோர்ட்டு வரை போனது.

அந்த நிபந்தனை பொதுநலனுக்கு விரோதமானது, செல்லாது என்று ஐகோர்ட்டு கூறியது. காரணம் எளிது. ஆயிரம் ரூபாய் புடவை தொலைந்து விட்டது என்று சொல்லிவிட்டு 150 ரூபாயை கையில் கொடுத்தால் போதும் என்றால், கடைக்காரர் பிறர் துணியை எல்லாம் அந்த விலைக்கு தானே எடுத்துக் கொள்ளலாமே. அஜாக்கிரதைக்கு பரிசு கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?

ஒரே ஒரு புடவைக்காக நடந்த வழக்கு. ஆனால் இன்றைக்கும் சட்டக் கல்லூரி மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள். எனவே சீட்டில் அச்சிட்டதெல்லாம் சட்டம் ஆகிவிடாது என்பதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

பெட்டிச் சாவி யார் கையில்?

இதற்கு நேர்மாறாக முடிந்த ஒரு வழக்கும் இருக்கிறது. இது 1938-ம் ஆண்டு தீர்ப்புத் தொகுப்பில் உள்ள சென்னை ஐகோர்ட்டு வழக்கு. ஒரு அம்மா தன் பழைய நகைகளை உருக்கி புதிய நகை செய்ய பத்தரிடம் கொடுத்தார். ஆனால் தினமும் சாயங்காலம் பாதி முடிந்த நகைகளை திரும்ப வாங்கி ஒரு பெட்டியில் வைப்பார். பெட்டி பத்தர் வீட்டு அறையிலேயே இருக்கும். சாவியை மட்டும் அந்த அம்மா எடுத்துக்கொண்டு போய் விடுவார்.

ஒருநாள் இரவு நகை திருட்டு போய்விட்டது. பத்தர்தான் பொறுப்பு என்று அம்மா வழக்கு போட்டார். தோற்றுப் போனார். சாயங்காலம் நகையை திரும்ப வாங்கி, சாவியையும் கையில் வைத்துக் கொண்டதால் அந்த நேரத்தில் நகை பத்தரிடம் ஒப்படைக்கப்படவில்லை, எனவே அவர் பொறுப்பல்ல என்பது தீர்ப்பு.

இந்த இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். பொருள் யார் பொறுப்பில், யார் கையில் இருந்தது என்பதைத்தான் கோர்ட்டு முதலில் கேட்கும். புடவை கடைக்காரர் பொறுப்பில் இருந்தது, அதனால் வாடிக்கையாளர் ஜெயித்தார். நகை அந்த அம்மாவின் பொறுப்பிலேயே இருந்தது, அதனால் தோற்றார்.

தறி நின்றால் யார் நஷ்டம்?

சத்திரப்பட்டி, சம்சிகாபுரம் பகுதியில் பேண்டேஜ் துணி ஓட்டும் தறிக்காரர் ஒருவர் மோட்டாரை காயில் கட்ட கொடுக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். நாலு நாளில் தருகிறேன் என்றவர் ஒரு மாதம் இழுத்தடிக்கிறார். ஒரு மாதம் தறி ஓடவில்லை. அந்த வருமான இழப்பையும் சேர்த்துக் கேட்கலாமா?

இதற்கு இங்கிலாந்தில் 1854-ம் ஆண்டு ஒரு பேர்போன தீர்ப்பு வந்தது. குளோஸ்டர் நகரில் ஒரு மாவு மில்லின் இரும்புத் தண்டு உடைந்து போனது. புதுசு செய்ய மாதிரியாக பழைய தண்டை வண்டி கம்பெனி மூலம் அனுப்பினார்கள். கம்பெனி தாமதம் செய்தது. மில் அத்தனை நாளும் மூடிக் கிடந்தது. அந்த நஷ்டத்தை கேட்டு மில்காரர்கள் வழக்கு போட்டனர். தண்டு வராவிட்டால் மில்லே ஓடாது என்ற விஷயம் வண்டி கம்பெனிக்கு தெரியாது, எனவே அந்த நஷ்டத்தை அவர்கள் தலையில் கட்ட முடியாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

நம் ஒப்பந்த சட்டத்தின் 73-வது பிரிவிலும் இதே கொள்கைதான் இருக்கிறது. சாதாரணமாக ஏற்படக்கூடிய நஷ்டமும், ஒப்பந்தம் பேசும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த நஷ்டமும் கிடைக்கும். எங்கோ தூரத்தில் உள்ள நஷ்டம் கிடைக்காது. எனவே பொருளை கொடுக்கும்போதே, "என்கிட்ட வேற மோட்டார் கிடையாது, இது வராட்டி தறி நிக்கும்" என்று சொல்லி, அதை சீட்டிலும் ஒரு வரி எழுத வைத்து விட வேண்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. நஷ்டம் ஏறட்டும், பிறகு வாங்கிக் கொள்ளலாம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கோர்ட்டு ஏற்காது. வாடகை மோட்டார் கிடைக்கும் என்றால் வாங்கி ஓட்டியிருக்க வேண்டும். அந்த வாடகையை கேட்கலாம்.

கடைக்காரருக்கும் உரிமை உண்டு

ரிப்பேர் செய்து முடித்து விட்டார், கூலி பாக்கி என்றால், கூலி வரும் வரை அந்தப் பொருளை தன்னிடமே வைத்துக்கொள்ள கடைக்காரருக்கு சட்டத்தில் உரிமை இருக்கிறது. ஒப்பந்த சட்டம் 170-வது பிரிவு இதைச் சொல்கிறது. கூலி கொடுக்காமல் பொருளை மட்டும் கேட்டால் வழக்கு நிற்காது.

ஆனால் இந்த உரிமை அந்தப் பொருளுக்கு செய்த வேலைக்கு மட்டும்தான். போன வருஷம் மிக்சி ரிப்பேர் செய்த பாக்கிக்காக, இன்றைக்கு கூலியை முழுசாக கொடுத்த மோட்டாரை பிடித்து வைக்க முடியாது. அடகுக்கும் ஒரு விதி உண்டு. அடகு பிடித்தவர் பொருளை விற்கும் முன் நியாயமான அவகாசத்துடன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

நாய்க்குட்டியும் சரக்குதான்

ராஜபாளையம் நாய்க்கு இந்தியா முழுக்க கிராக்கி. 2005-ம் ஆண்டு தபால் துறை இந்த நாய்க்கு தபால்தலையே வெளியிட்டது. அசல் ராஜபாளையம் குட்டி என்று சொல்லி வேறு குட்டியை தலையில் கட்டினால் என்ன செய்வது?

1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில் கால்நடை, வளர்ப்பு பிராணிகளும் சரக்கு கணக்கில்தான் வருகின்றன. இன்ன சரக்கு என்று சொல்லி விற்றால் அந்த சரக்காகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்து பணத்தை கேட்கலாம். ஆனால் தெரிந்தவுடன் சொல்லிவிட வேண்டும். ஆறு மாதம் வளர்த்துவிட்டு போய் நின்றால் ஏற்றுக்கொண்டதாகவே ஆகிவிடும்.

போலீசா? கோர்ட்டா?

பொருள் வரவில்லை என்றதும் பலரும் முதலில் ஓடுவது போலீஸ் நிலையத்துக்குத்தான். "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்கு போங்க" என்று அங்கே சொன்னால் மனம் வெறுத்து விடுகிறார்கள். ஆனால் பல நேரம் அவர்கள் சொல்வது சரியே. பேசியபடி நடக்காதது எல்லாம் மோசடி ஆகாது. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் மோசடி என்று சுப்ரீம் கோர்ட்டு பல தீர்ப்புகளில் கூறியிருக்கிறது.

அதே நேரம், நீங்கள் ஒப்படைத்த பொருளை அவர் கமுக்கமாக வேறு ஆளுக்கு விற்றுவிட்டார், அல்லது அடகு வைத்துவிட்டார் என்றால் அது நம்பிக்கை மோசடி குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் இதற்கு 316-வது பிரிவு இருக்கிறது. மோசடிக்கு 318-வது பிரிவு. அப்படியானால் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக் கொள்ளலாம்.

கட்டப்பஞ்சாயத்துக்கு மட்டும் போக வேண்டாம். அங்கே பேசி முடித்ததை யாரும் சட்டப்படி நிறைவேற்றித் தர முடியாது. பூட்டை உடைத்து நம்ம பொருளை நாமே எடுத்து வந்து விடலாம் என்று கிளம்பினால், நியாயம் உள்ளவரே குற்றவாளி கூண்டில் நிற்க வேண்டி வரும்.

முதலில் நோட்டீஸ்

தனி நபர் மீதோ கடை மீதோ வழக்கு போட நோட்டீஸ் கட்டாயம் இல்லை. இருந்தாலும் ஒரு நோட்டீஸ் அனுப்பினாலே பாதி தகராறு முடிந்து விடும். வக்கீல் மூலம் அனுப்பலாம், நாமே எழுதியும் அனுப்பலாம். என்ன பொருள், எந்த தேதியில் கொடுத்தது, என்ன பேசியது, எவ்வளவு பணம் கொடுத்தது, இத்தனை நாளில் திருப்பித் தராவிட்டால் வழக்கு போடுவேன் என்று சுருக்கமாக எழுதினால் போதும். திட்டி எழுதக்கூடாது. பதிவுத் தபால் சேவை 2025-ம் ஆண்டு ஸ்பீடு போஸ்டுடன் இணைக்கப்பட்டு விட்டது. எனவே ஸ்பீடு போஸ்டில், கிடைத்ததற்கான அத்தாட்சி கேட்டு அனுப்பி, ரசீதையும் நகலையும் பத்திரமாக வைக்க வேண்டும்.

மிக முக்கியமானது காலக்கெடு. ஒப்பந்தத்தை மீறினால், மீறிய நாளில் இருந்து 3 ஆண்டுக்குள் வழக்கு போட வேண்டும். கொடுத்து வைத்த பொருள், அடகு வைத்த பொருள் என்றால், நாம் கேட்டு அவர் மறுத்த நாளில் இருந்து 3 ஆண்டு. ஒருநாள் தாண்டினாலும் எவ்வளவு நியாயம் இருந்தாலும் வழக்கு தள்ளுபடி ஆகிவிடும்.

"தர்றேன் தர்றேன்" என்று வாயால் சொல்லிக்கொண்டே 3 ஆண்டை ஓட்டி விடும் ஆட்கள் உண்டு. அப்படிப்பட்டவரிடம் கெடு முடியும் முன்பே, "பாக்கி இவ்வளவு தர வேண்டியது உண்மை" என்று எழுதி கையெழுத்து வாங்கி விட்டால், அந்த தேதியில் இருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும்.

செலவில்லாத வழி

கையில் காசில்லை, வக்கீலுக்கு எங்கே போவது என்பவர்களுக்காகவே 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டம் வந்தது. 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தின் தலைநகர் விருதுநகர் என்றாலும், மாவட்ட தலைமை கோர்ட்டு இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் அங்கேதான் செயல்படுகிறது. தாலுகா அளவில் வட்ட சட்டப்பணிகள் குழு உண்டு.

பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலை தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைக்கும். ராஜபாளையம் மில் தொழிலாளர்கள் இதை கவனிக்க வேண்டும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டு விவரம் கேட்கலாம்.

வழக்கு போடும் முன்பே இங்கு மனு கொடுக்கலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும். இரண்டு பேரையும் உட்கார வைத்து பேசுவார்கள். சமரசம் ஆனால் லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்தில் உத்தரவாக பதிவு செய்வார்கள். அந்த உத்தரவு கோர்ட்டு டிகிரிக்கு சமம். அதன் மேல் அப்பீல் கிடையாது. சமரசம் ஆகாவிட்டாலும் நஷ்டம் ஒன்றும் இல்லை, கோர்ட்டு வழி அப்படியே திறந்திருக்கும். ஆனால் இங்கே யாரையும் கட்டாயப்படுத்தி ஒத்துக்கொள்ள வைக்க மாட்டார்கள். எதிராளி வரவே இல்லை என்றால் வழக்குத்தான் போட வேண்டும்.

நுகர்வோர் ஆணையம்

காசு கொடுத்து வாங்கிய பொருள், காசு கொடுத்து செய்து கொண்ட சேவை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு போகலாம். சலவை, தையல், ரிப்பேர் எல்லாம் சேவைதான். 2019-ம் ஆண்டு சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கடை மதுரையில் இருந்தாலும் சரி, சென்னையில் இருந்தாலும் சரி. பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். காலக்கெடு 2 ஆண்டு. இணையம் வழியாக மனு போட 2025 ஜனவரி 1 முதல் இ-ஜாக்ரிதி என்ற தளம் இருக்கிறது. உதவி எண் 1915.

வியாபார நோக்கத்துக்கு வாங்கியது என்றால் இங்கே போக முடியாது. ஆனால் வயிற்றுப்பாட்டுக்காக தானே உழைத்து பிழைக்கிறவர் அந்த தொழிலுக்கு வாங்கிய பொருள் என்றால் அவரும் நுகர்வோரே. சொந்தமாக ஒரு தறி, ஒரு தையல் மெஷின் வைத்து பிழைப்பவர்கள் இதைச் சொல்லி மனு போடலாம்.

நண்பருக்கு இரவல் கொடுத்த பைக், தெரிந்தவருக்கு சும்மா கொடுத்து வைத்த பாத்திரம் இவற்றுக்கெல்லாம் நுகர்வோர் ஆணையம் கிடையாது. முன்சீப் கோர்ட்டுதான்.

முன்சீப் கோர்ட்டில் வழக்கு

சிவில் கோர்ட்டுகளில் கீழ்மட்டத்தில் இருப்பது முன்சீப் கோர்ட்டு. சின்னத் தொகை வழக்குகள் அங்கேதான் தொடங்கும். ராஜபாளையத்திலும் உண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உண்டு. எந்த ஊரில் போடுவது? எதிராளி குடியிருக்கும் ஊர், தொழில் செய்யும் ஊர், அல்லது ஒப்பந்தம் பேசிய, மீறிய ஊர். இரண்டு ஊருக்கும் இடையே 12 கிலோமீட்டர் அளவுதான் தூரம் என்றாலும், கோர்ட்டு எல்லை தாண்டி போட்டால் வழக்கை திருப்பிக் கொடுத்து விடுவார்கள்.

கோர்ட்டு கட்டணம் தமிழ்நாட்டில் முன்பு கேட்கும் தொகையில் ஏழரை சதவீதமாக இருந்தது. 2017-ம் ஆண்டு 3 சதவீதமாக குறைத்தார்கள். 20 ஆயிரம் ரூபாய் வழக்குக்கு முன்பு 1,500 ரூபாய், இப்போது 600 ரூபாய். வக்கீல் பீஸ் தனி. வழக்கு நடக்கும்போது சமரசம் ஆகிவிட்டால் கோர்ட்டு கட்டணம் திரும்பக் கிடைக்கும். வெளியே தாங்களே பேசி முடித்துக் கொண்டவர்களுக்கும் இது பொருந்தும் என்ற சென்னை ஐகோர்ட்டு முடிவை 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது.

பணம் கேட்கலாம், அல்லது பொருளையே கேட்கலாம். பாட்டி கொடுத்த வளையல் மாதிரி, பணத்தால் ஈடு செய்ய முடியாத பொருள் என்றால் அதையே திருப்பித் தர உத்தரவு கேட்க 1963-ம் ஆண்டு தனிப்பட்ட நிவாரண சட்டத்தில் வழி இருக்கிறது. பொருளைத் தர முடியாவிட்டால் எவ்வளவு பணம் தர வேண்டும் என்பதையும் கோர்ட்டு டிகிரியிலேயே எழுதும்.

பிராது தாக்கல் ஆனதும் பிரதிவாதிக்கு சம்மன் போகும். அவர் 30 நாளில், அதிகபட்சம் 90 நாளில் பதில் தாக்கல் செய்ய வேண்டும். சம்மனை வாங்கிக்கொண்டு வராமல் இருந்தால் எக்ஸ்பார்ட்டி என்று ஒருதலைப்பட்சமாக தீர்ப்பு ஆகலாம். வாய்தாவுக்கு வாதி போகாவிட்டாலும் ஆபத்துதான், வழக்கு தள்ளுபடி ஆகிவிடும். பிறகு சாட்சி, குறுக்கு விசாரணை, வாதம், தீர்ப்பு. இது ஒரு வாரத்தில் முடிகிற வேலை இல்லை. வாய்தாவுக்கு போகும் நாளில் கூலி போகும். அதையும் கணக்கு பார்த்தே இறங்க வேண்டும். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் விஷயம் என்றால் சட்டப்பணிகள் குழுவோ நுகர்வோர் ஆணையமோ போவதுதான் லாபம்.

டிகிரி வாங்கிய பிறகு

தீர்ப்பு வந்ததும் பணம் கைக்கு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். எதிராளி தானாக தராவிட்டால் நிறைவேற்று மனு போட வேண்டும். இதற்கு 12 ஆண்டு அவகாசம் உண்டு. கோர்ட்டு அமீனா போய் பொருளை கைப்பற்றலாம், சொத்தை ஜப்தி செய்யலாம்.

ஆனால் எல்லாவற்றையும் ஜப்தி செய்ய முடியாது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள், தாலி போன்று மத வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகை, கூலித்தொழிலாளியின் கூலி ஆகியவற்றில் கை வைக்க முடியாது. கடனாளி என்றாலும் அவர் பிழைப்பை பறிக்கக்கூடாது என்பது சட்டம். எனவே வழக்கு போடும் முன்பே எதிராளியிடம் வாங்குவதற்கு ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

1. பொருளை கொடுத்த தேதி, பொருளின் அடையாளம், கடைக்காரர் கையெழுத்து உள்ள சீட்டு. அச்சடித்த ரசீது இல்லாவிட்டால் வெள்ளைத்தாளில் எழுதி வாங்கினாலும் போதும்.

2. மோட்டார், செல்போன் என்றால் அதில் உள்ள நம்பர். நகை என்றால் எடை. கொடுக்கும் முன் செல்போனில் ஒரு போட்டோ.

3. அட்வான்சை ஜிபே, போன்பே மூலம் அனுப்புவது நல்லது. தேதியோடு பதிவாகி விடும்.

4. வாட்ஸ்அப் செய்தி, ஆடியோ எதையும் அழிக்கக் கூடாது. போனை மாற்றினாலும் பழைய போனை வைத்திருக்க வேண்டும். 2023-ம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவின்படி சான்றிதழோடு இவற்றை கோர்ட்டில் தாக்கல் செய்யலாம்.

5. கொடுக்கும்போது கூட இருந்தவர் ஒருவர். சீட்டு இல்லாத இடத்தில் அவர்தான் சாட்சி.

6. பணம் கடன் கொடுத்தால் புரோநோட்டில் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி அதன் மேல் கையெழுத்து. ஸ்டாம்பு இல்லாத புரோநோட்டை கோர்ட்டு சாட்சியமாக ஏற்காது.

கடைக்காரர்களும் இதை விரோதமாக எடுத்துக்கொள்ள வேண்டியது இல்லை. சீட்டு கொடுத்தால் அவர்களுக்கும் பாதுகாப்பு. "நான் கொடுத்தது புது மோட்டார்" என்று நாளை வாடிக்கையாளர் மாற்றிப் பேச முடியாது. தெரிந்தவர், சொந்தக்காரர், ஒரே தெருக்காரர் என்பதால் சீட்டு கேட்க கூச்சப்படுகிறோம். தெரிந்தவர் என்பதால்தான் பின்னால் சண்டை போடவும் முடியாமல் தவிக்கிறோம். பொருளை கடை மேஜையில் வைக்கும்போதே, "அண்ணாச்சி, ஒரு சீட்டு எழுதிக் கொடுங்க" என்று கேட்டு வாங்கி பையில் வையுங்கள்.